வேற்று மொழியில் பேசுகிறான்

மழையில் நனைந்த தெருவில் வரிசையாக நிற்கிறார்கள், கறுப்பு வெள்ளையில் மழைக்கும் சாம்பல் நிறம்தான், எல்லோரும் ஆண்கள், யாருடையதையோ இரவல் வாங்கிப் போட்டது போலத் தோளில் பொருந்தாத கோட்டுகள், வரிசையின் முனையில் ஒரு தொலைபேசிக் கூண்டு, அதன் கண்ணாடியில் நீர் வழிகிறது, ஒருவன் உள்ளே போகிறான், பேசுகிறான், வெளியே வருகிறான், அடுத்தவன் போகிறான், கமெரா அசையவே இல்லை, நான் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருக்கிறேன், புதிதாக மாற்றிய முழங்காலுக்குக் கீழே தலையணை, பக்கத்தில் ஆறிப்போன தேநீர், யன்னலுக்கு வெளியே கனடா ஸ்காபரோவின் பனி கொட்டும் மத்தியானம், வரிசையில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், ஒரு பாதத்தை மற்றப் பாதத்தின் மேல் ஏற்றிவைத்துக்கொண்டு, கிணற்றடியில் பல் தீட்டும்போது நேசன் அப்படித்தான் நிற்பான், விழப்போறாய் என்று நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது சொல்வேன், விழமாட்டன் அக்கா என்று வாய் நிறைய நுரையோடு சொல்வான், உலகத்தில் எத்தனையோ பேர் அப்படி நிற்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன், அவனுடைய முறை வருகிறது, கூண்டின் கதவைத் திறந்து உள்ளே போய்த் திரும்புகிறான், என் தம்பி, எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்துக்குள் இருக்கிற என் தம்பி, அந்தப் படத்தில் இருப்பதைவிட மெலிந்து, கன்னத்தில் தாடியோடு.

இணையத்தில் படம் பார்க்கிற இந்தத் தளத்துக்கு மகள் ஆரணிதான் சந்தா கட்டித் தந்தாள், அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த கிழமை, உலகத்து நல்ல படங்கள் எல்லாம் இதிலை இருக்கு அம்மா, சீரியலைப் பாத்து மூளையைப் பழுதாக்காதேங்கோ என்று சொல்லி, எப்படித் திறப்பது, கீழே எழுத்து எப்படி வரவைப்பது என்றெல்லாம் காட்டித்தந்துவிட்டு வேலைக்குப் போனாள், முதல் நாட்களில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, ஒரு கிழவர் வேலி கட்டுகிறார், கட்டிக்கொண்டே இருக்கிறார், ஒரு பெண் பனிக்குள் நின்று கம்பளம் உதறுகிறாள், அதற்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள், அம்மா அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, என்ன பிள்ளை, படம் நிண்டுபோச்சோ என்று கேட்பார், ஆனால் நான் விடவில்லை, ஆரணிக்குச் சொல்லாத காரணம் ஒன்று எனக்கு இருந்தது, அந்தப் படங்களில் காடுகள் வந்தன, ருஷ்யாவின் காடு, உக்ரேனின் காடு, எல்லைகளில் இருக்கிற பெயர் தெரியாத காடுகள், வெள்ளை மரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்க இடையில் பனி நிலம், நேசன் நடந்து போன காடு இதில் எதுவாகவும் இருக்கலாம் என்று ஒவ்வொன்றையும் பார்த்தேன், எவ்வளவு அழகாக எடுத்திருந்தார்கள், அந்த அழகு எனக்கு நஞ்சு மாதிரி இருந்தது, இருந்தும் அடுத்த நாளும் பார்த்தேன், அங்கே மனிதர்கள் நடந்தால் காலடியில் எப்படிச் சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் போன நாளில் யாழ்ப்பாணத்தில் எங்கள் இணுவில் வீட்டு முற்றத்தில் இரண்டு பைகள் நின்றன, ஒன்று அவனுடையது, மற்றது பக்கத்து வீட்டு நாகேஸ் மாமியின் மகன் கேதீசுடையது, வேலியில் ஆள் நுழைந்து போகப் பொட்டு வைத்து இரண்டு வீடும் ஒரு வீடாக இருந்த காலம், நாகேஸ் மாமிக்கு ஒரே பிள்ளை, புருசன் இல்லை, போராட்டத்துக்குப் போயிடுவானோ ஆமி பிடிச்சிடுமோ என்று பயந்து பயந்தே அவனை வெளியே அனுப்பச் சம்மதித்தவர், ஊர்விட்டு ஊர் போயறியாத பிள்ளை, நேசனை விட இளையவன், மாமி அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்து நேசனின் கைக்குள் வைத்தார், தம்பி, இவனை உன்ரை கையிலைதான் தாறன் என்றார், நேசன் சிரிக்கிறான், பயப்பிடாதேங்கோ மாமி, கொண்டுபோய்ச் சேர்த்துப்போட்டுப் போன் எடுக்கிறன் என்கிறான், கொழும்பிலிருந்து எடுத்தான், மொஸ்கோவிலிருந்து எடுத்தான், சரியான குளிர் அம்மா, கேதீஸ் எல்லாச் சாப்பாட்டையும் பிழை சொல்லுறான் என்றான், பிறகு எடுக்கவில்லை, மாரி போய்க் கோடை வந்தது, கடைசியில் கொழும்பிலிருந்து, அவர்களை அனுப்பிய ஏஜென்சிக்காரன் ஆள் அனுப்பிச் சொன்னான், எல்லைக் காட்டில் பனிக்குள் அகப்பட்டு இரண்டு பேரும் முடிந்துவிட்டார்கள் என்று, உடல் இல்லை, தர்ப்பைப் புல்லில் இரண்டு உருவம் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து எரித்தார்கள், அப்பாவே இரண்டுக்கும் கொள்ளி வைத்தார், அப்பா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை, நான் கலியாணம் செய்து இங்கே வந்து அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்ட பிறகும் அந்தத் திதியில் அம்மா இங்கே சமைப்பார், நாகேஸ் மாமி அங்கே சமைப்பார், சமைத்து முடித்துத் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள், ஒண்டாத்தானே போனவங்கள் அக்கா, தனியப் போகேல்லை, அது ஒரு ஆறுதல் என்று மாமி ஒவ்வொரு வருடமும் சொல்வார், ஓம் நாகேஸ் என்று அம்மாவும் சொல்வார்.

அந்தப் படம் கிரேக்கத்தில் எடுத்தது, எடுத்த வருடத்தைப் பார்த்தேன், முதல் திவசமும் இரண்டாம் திவசமும் முடிந்த பிறகு எடுத்தது, நாங்கள் வாழையிலையில் அவனுக்குப் படைத்துக்கொண்டிருந்தபோது அவன் ஒரு துறைமுக நகரத்தில் மழைக்குள் நின்றிருக்கிறான், கூண்டுக்குள் போய் ரிசீவரைக் கையில் எடுக்கிறான், முதலில் யாரையோ பார்த்து ஒரு சிரிப்பு, கமெராவுக்குப் பின்னால் நிற்கிற யாரையோ, பிறகு காதில் வைக்கிறான், திரையின் அடியில் எழுத்து வருகிறது, வேற்று மொழியில் பேசுகிறான் என்று, அவ்வளவுதான், வேறு எழுத்து இல்லை, மழைச் சத்தத்துக்குள் அவனுடைய குரல், அம்மா, நான் நேசன் கதைக்கிறன், இது படம் எடுக்க வைச்ச போன், வயர் இல்லை, உங்கடை பாசையிலை வீட்டுக்காரரோடை கதையுங்கோ எண்டு சொன்னவங்கள், வயர் இல்லாதபடியாலைதான் எடுத்தனான் அம்மா, ஒருவன் கூண்டின் கண்ணாடியில் தட்டுகிறான், அதுவும் நடிப்புத்தான், நேசன் கையால் மெதுவாகக் கொஞ்சம் பொறு என்கிறான், கேதீஸ் காட்டுக்கை என்ரை மடியிலைதான் போனவன், கொஞ்சத்தூரம் தூக்கிக்கொண்டு நடந்தனான், பிறகு ஏலாமல் வைச்சிட்டு வந்திட்டன் அம்மா, மாமி கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது, நானும் செத்ததெண்டே இருக்கட்டும், அவன் அழுகிறான், துடைக்கவில்லை, மூச்சை இழுத்துக்கொண்டு, ஓம் அம்மா, சாப்பிட்டிட்டன், வைக்கிறன் என்கிறான், ரிசீவரைக் கொளுவிவிட்டு வெளியே வந்து மழைக்குள் போகிறான், கமெரா அவன் பின்னால் போகவில்லை, அடுத்தவன் உள்ளே வந்து வேறொரு மொழியில் பேசத் தொடங்குகிறான், அவனுக்கும் அதே எழுத்துத்தான்.

நான் போனில் கூப்பிட்டதும் ஆரணி வேலையிலிருந்து ஓடி வந்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவளுடைய தமிழ் கேட்டால் பாதி விளங்குகிற தமிழ், நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டியிருந்தது, அம்மா, டைரக்டர் சொல்லிக்குடுத்த வசனமாயும் இருக்கலாம்தானே என்றாள், நான் கோபப்படவில்லை, கேதீசின் பெயரை அந்த வெள்ளைக்காரனுக்கு ஆர் சொல்லிக்குடுத்தது பிள்ளை என்று மட்டும் கேட்டேன், அதற்குப் பிறகு அவள்தான் எல்லாம் தேடினாள், தளத்தில் அந்தப் படத்தைப் பற்றி எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினாள், தொலைபேசிக் கூண்டுக் காட்சியில் இயக்குநர் வேண்டுமென்றே மொழிபெயர்ப்புத் தரவில்லை, துயரத்துக்கு மொழி தேவையில்லை என்பதை இதைவிட அழகாக யாரும் சொன்னதில்லை, அப்படி எழுதியிருந்தது, அதற்குக் கீழே எங்கெங்கோ இருக்கிறவர்கள், அழுதேன், உறைந்துபோனேன், முகங்களே போதும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள், நான் அதைக் கேட்டுக்கொண்டே என் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன், துயரத்துக்கு மொழி தேவையில்லையாம், அவன் சொன்ன ஒரு சொல்லை ஒருவராவது விசாரித்திருந்தால், அந்தப் படம் ஓடிய ஏதாவது ஒரு ஊரில் ஒரு தமிழனைப் பிடித்து இவன் என்ன சொல்கிறான் என்று கேட்டிருந்தால், நாங்கள் அவனைத் தேடிப் போயிருப்போம், அப்பா உயிரோடு இருந்திருப்பார், இல்லை, அது எனக்குத் தெரியாது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

இயக்குநர் இறந்துவிட்டார், அவரிடம் உதவியாளராக இருந்த ஒரு பெண் ஆரணிக்குப் பதில் எழுதினார், நல்லவராகத்தான் தெரிந்தது, அந்த ஆட்களைக் காலையில் துறைமுகத்தடியில் கூட்டி வந்தோம், சூடாகச் சாப்பாடும் அன்றைய கூலியும் கொடுத்தோம், பெயர் எதுவும் எழுதி வைக்கவில்லை, விசா இல்லாதவர்கள், பெயர் கேட்டால் பயந்து ஓடிவிடுவார்கள், அந்த உயரமான பையனை எனக்கு நினைவிருக்கிறது, மிக நன்றாகச் செய்தான், முதல் முறை சத்தம் சரியாகப் பதிவாகவில்லை, மறுபடி செய்யச் சொன்னோம், செய்தான், படத்தில் இருப்பது இரண்டாவது முறை, உங்கள் இழப்புக்காக வருந்துகிறேன், ஆரணி அதை வாசித்து முடித்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், பிறகு காணாமல்போனவர்களைத் தேடுகிற அமைப்புகளுக்கெல்லாம் எழுதினோம், கிரேக்கத்தில் இருக்கிற எங்கள் ஆட்கள் மூலமாக விசாரித்தோம், அந்த மழைக்குப் பிறகு அவனை எவரும் காணவில்லை, இரவில் நான், இரண்டு முறை அந்தக் கூண்டுக்குள் போய் வந்த தம்பியை நினைத்துக்கொண்டு படுக்கிறேன், சத்தம் சரியில்லை, திரும்பவும் அழு, என்று அவனிடம் சொல்கிறார்கள், அவன் ஓம் என்று தலையாட்டுகிறான்.

அம்மாவுக்குச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் அந்தத் தளத்தில் ஒரு படம் நிரந்தரமாக இருப்பதில்லை, கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள், பிறகு எடுத்துவிட்டு வேறொன்று போடுவார்கள், இந்தப் படம் இந்த மாதத்தோடு விலகுகிறது என்று ஒரு நாள் திரையில் வந்தது, அப்போது என்னால் பொறுக்க முடியவில்லை, அம்மாவைக் கூட்டி வந்து சோபாவில் இருத்திக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டேன், அம்மா பார்த்தார், அழுவார், மயங்கி விழுவார் என்று நான் பயந்துகொண்டிருக்க, அம்மா கையை மடியில் வைத்தபடி முழுவதும் கேட்டார், இன்னொருக்காப் போடு என்றார், போட்டேன், காய்ஞ்சுபோனான், பின்னேரத்திலை ஒரு முட்டைக்கோப்பி அடிச்சுக் குடுக்கவும் ஆளில்லை என்றார், அதற்குப் பிறகுதான் முகம் மாறியது, நாகேசுக்கு முகம் குடுக்கேலாமல் எனக்கெல்லோ கொள்ளி வைச்சிட்டான் என்றார், நான் ஆர் அவனுக்கு, அவனைப் பெத்த எனக்கு ஒரு போன் எடுத்து, அம்மா இருக்கிறன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் நான் ஊருக்குப் பறையடிக்கப் போறனே, இவ்வளவு வருசமும் உயிரோடை இருந்தவனுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சிருக்கிறன் என்று சொல்லிக்கொண்டே எழும்பிப் போய்ச் சுவரிலிருந்த படத்தின் மாலையைக் கழற்றினார், கழற்றிவிட்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

நான் அவருக்குச் சொன்னேன், மாமிக்கு இப்ப சொல்லவேண்டாம் அம்மா, வயது போன நேரம், தெரியாமலே இருக்கட்டும் என்று, அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், அவனும் இப்பிடித்தான் நினைச்சவன் என்றார், ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கே பின்னேரம், வழக்கமாக இருவரும் கதைக்கிற நேரத்துக்கு, இலக்கத்தை அமர்த்திக் கொடுத்தேன், அம்மா முதலில் சுகம் விசாரித்தார், மூச்சுமுட்டு எப்பிடி நாகேஸ், மருந்து போடுறியோ, பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார், படத்தில் நேசனைக் கண்டது, அவன் சொன்னது, கேதீஸ் தனியாகச் சாகவில்லை, என்ரை பிள்ளையின்ரை மடியிலைதான், தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறான், அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், அது மாமிக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பியவர் போல, அந்தப் பக்கத்தில் தூரத்துக் கோயில் ஒலிபெருக்கி மட்டும் கேட்டது, பிறகு மாமி, அப்ப நேசன் இருக்கிறானோ அக்கா என்றார், தெரியேல்லை நாகேஸ், அப்ப இருந்தவன், இப்ப தெரியேல்லை என்றார் அம்மா, மறுபடி ஒலிபெருக்கி, மாமி கோபமே இல்லாத குரலில், ரெண்டு பேருக்கும் ஒரே நாளிலைதானே அக்கா சமைச்சனாங்கள் என்றார், ஓம் நாகேஸ் என்றார் அம்மா, அப்ப என்ரை பிள்ளை மட்டும்தானோ அக்கா செத்தது என்று மாமி கேட்டார், அம்மா வாயைத் திறந்தார், ஓம் என்று சொல்ல அவரால் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது, நாகேஸ், நாகேஸ் என்று பெயரை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், மாமி வைத்துவிட்ட பிறகும் கூப்பிட்டார், நான் மெல்ல அவருடைய கையிலிருந்து தொலைபேசியை வாங்கும்வரைக்கும்.