நான்காம் எண்

காசிலிங்கம் அண்ணாச்சி புதிதாக ஐந்து பேரைக் கூட்டிவந்து நிறுத்தியபோது நாகலக்ஷ்மி கணினியை விட்டு எழுந்தாள். பாளையங்கோட்டையில் அவர் நடத்திய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் அவளும் சுந்தர்ராமனும் எட்டு மாதமாக ஒரே வேலையில் இருந்தார்கள். ஜங்ஷன் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கிக்கு மென்பொருள். பொங்கலன்று திறப்பு விழா, அழைப்பிதழ்கூட அடித்தாகிவிட்டது. மார்கழி பிறந்தும் பாதி வேலை முடியவில்லை.

"நடவுக்குப் பத்து ஆள் கூட எறங்கினா மத்தியானத்துக்குள்ள முடியுதுல்லா? அதே மாதிரிதான்" என்றார் அண்ணாச்சி.

"நடவு எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை அண்ணாச்சி. இவங்களுக்கு வயல் எது, வரப்பு எதுன்னு காட்டவே ஒரு மாசம் ஆயிரும். அதுவரைக்கும் என் வேலையும் நின்னு போகும். தேதியைத் தள்ளிப் போடுங்க."

"ஊரெல்லாம் சொல்லிட்டு இப்போ எந்த மூஞ்சியோட தள்ளிப் போட? பேசாம சொல்லிக் குடும்மா."

அவள் பேசாமல் சொல்லிக்கொடுத்தாள். முன்பு ஒரு சந்தேகம் என்றால் நாற்காலியைத் திருப்பி சுந்தர்ராமனிடம் கேட்டால் போதும். இப்போது ஒருவர் மாற்றியது மற்றவருக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க விளக்கியே தொண்டை கட்டியது. சோதித்துப் பார்க்க வைத்திருந்த இரண்டு வாரமும் அதிலேயே கரைந்தது. நோயாளிகளின் ரத்தப் பிரிவு அட்டையை அச்சடிக்கும் பகுதியைப் புதிதாக வந்தவர்களில் ஒருவனான செந்தில்முருகன் எழுதினான். கெட்டிக்காரன்தான், ஆனால் அவனுடன் உட்கார அவளுக்கு அரைமணிகூடக் கிடைக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, அச்சு இயந்திரத்தின் மேல் ஒரு அட்டை கிடந்தது. சோதனைக்காக அவள் ஏற்றிவைத்த அவளுடைய விவரம்தான். ரத்தப் பிரிவு ஏபி என்றிருந்தது. அவளுடையதோ ஓ. மென்பொருளுக்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள்.

"செந்தில், மூணாம் எண்ணுக்கு எந்தப் பிரிவு போட்டிருக்கீய?"

"ஓ, அக்கா. நாலுதான் ஏபி."

அவள் எழுதியதில் மூன்று ஏபி, நான்கு ஓ.

"இந்த மாதிரி அட்டை வேற யாருக்கும் போகலையே?"

"விழாவுக்கு முன்னாலயே பழகட்டும்னு நேத்து சாயந்திரமே அண்ணாச்சி நோயாளிங்க அட்டை எல்லாத்தையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாவளே."

பட்டியலைத் திறந்தாள். நான்காம் எண்ணில், அதாவது ஓ பிரிவில், ஒன்பது பேர். அதில் களக்காட்டு இசக்கியம்மாவுக்கு அன்று பதினொரு மணிக்குப் பிரசவ அறுவை. மணி பத்தரை. தொலைபேசியைச் சுழற்றினாள், இணைப்பு கிடைக்கவில்லை. படியிறங்கி ஓடி ஆட்டோ பிடித்தாள். கொக்கிரகுளம் பாலத்தில் பேருந்துகள் அடைத்துக்கொண்டு நின்றன. கீழே ஆற்றில் துணி அடிக்கும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. இறங்கி மீதித் தூரம் ஓடினாள்.

அறுவை அரங்கின் வாசலில் நர்ஸ் பொன்செல்வி கையில் ரத்தப் பை இருந்தது.

"ஏத்தாதீய! அட்டை தப்பு! அவங்களுக்கு ஓ!"

பொன்செல்வி பையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். இரண்டிலும் ஏபி. "ரெண்டு ரத்தமும் சேருமான்னு கலந்து பாத்த முடிவு இன்னும் வரல. டாக்டர் அவசரப்படுத்துதாரு. அட்டைதான் இருக்கேன்னு..." பையோடு ரத்த வங்கிக்குத் திரும்பி ஓடினாள்.

சரியான ரத்தம் ஏறியது. தாயும் பெண்குழந்தையும் பிழைத்தார்கள். மதியம் புருஷன் கருத்தையா தேடி வந்து கும்பிட்டான். "நீங்கதான் ஓடி வந்தீயளாம்லா தாயி." அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மற்ற அட்டைகளையெல்லாம் வார்டு வார்டாகப் பொறுக்கினாள்.

மாலை அண்ணாச்சியின் மேசையில் அந்த அட்டைக் கட்டை வைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"செந்தில் மேல தப்பில்ல. சொல்லிக்குடுக்க நேரமில்லாத வேலைல அவனை எறக்கினது தப்பு. நானும் வாயை மூடிட்டு இருந்தேன். இனி இருக்க மாட்டேன். சித்திரைக்கு முன்னால முடியாது. சுந்தர்ராமனும் செந்திலும் போதும்."

அண்ணாச்சி கட்டுக்குள்ளிருந்து இசக்கியம்மாவின் அட்டையை உருவித் தனியே வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, பொங்கலன்று திறப்பு விழா இல்லை என்று மருத்துவமனைக்குச் சொல்லத் தொடங்கினார்.