நீலம் உப்பிய சுவர்

1

கலையில் வெளி என்பது உறைந்த காலம். தளம் அந்தக் காலத்தின் தோல்.

இந்த வாக்கியத்தைக் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் நின்றபடி எழுதினேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அர்த்தம் எனக்கே மறந்துவிட்டது. தனியார் பள்ளி ஒன்றின் விழா மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். கட்டுரை வரவில்லை. வந்தது இந்தக் கதை.

2

கடற்கரையில் நின்ற நித்யா மேரி, அலைகளின் முடிவின்மையை எண்ணி—

(வேண்டாம். கடலூரில் பிறந்தவளுக்கு அலையைப் பார்த்து நிற்க நேரமேது? ஏழு மணி வண்டியைப் பிடிக்க வேண்டும்.)

அந்தச் சிதம்பரம் பள்ளியில் அவள் நான்கு வருடமாகத் தற்காலிக ஓவிய ஆசிரியை. புது அரங்கின் இருபதடிச் சுவரில் ஒரு கடல் வரைய வேண்டும். தாளாளர் வைத்திலிங்கத்துக்கு அது பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம்.

கொத்தனார் ஆண்டி சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "ஈரம் உள்ளாறவே நிக்குதும்மா. மூணு வாரமாவது காய உடு."

விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தயங்கித் தயங்கித் தாளாளரிடம் போய்ச் சொன்னாள்.

"செவுரு காயலன்னு முகூர்த்தத்த மாத்துவாங்களாம்மா?" என்றார் அவர். கூடவே, நன்கொடையாளர்கள் பெயர் பொறித்த கல்லுக்குக் கடலின் நட்டநடுவில் நாலடி விடச் சொன்னார். காலத்தையும் வெளியையும் பற்றி அவருக்கிருந்த தெளிவு எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

3

விழா அன்று காலை நீலம் அப்பளம்போல் உப்பியிருந்தது. நித்யா மேரி பதினேழு இடம் எண்ணினாள். பூந்தொட்டிகளை நகர்த்தி நான்கை மறைத்தாள்.

"சாயந்தரம் வரைக்கும் நிக்குமா சார்?" என்று, விழாவுக்கு அழைக்கப்பட்டுச் சீக்கிரமே வந்துவிட்டிருந்த என்னைக் கேட்டாள். நான் தளத்தின் தத்துவம் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். அவள் பாதியிலேயே ஐந்தாவது தொட்டியைத் தூக்கப் போய்விட்டாள்.

சிறப்பு விருந்தினர் பேராசிரியர் செந்தமிழ்செல்வன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உப்பல்களைப் பார்த்தார். தட்டையான தளம் மூச்சு விடுவதைத் தம் வாழ்நாளில் இன்றுதான் காண்பதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார். கைதட்டல் அடங்கியதும் தாளாளர் அவளிடம் குனிந்து, "திங்கக்கெழம வந்து ஆர்டர வாங்கிக்கம்மா" என்றார். அவள் தலையாட்டினாள், கண் மட்டும் சுவரை விட்டு அகலவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது கடலில் தோசையளவு பெயர்ந்து, சாம்பல் நிறப் பூச்சு தெரிந்தது.

"யாரு கை வச்சது?" என்றார் தாளாளர்.

நித்யா மேரி என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

4

முடிவு ஒன்று: பெயர்ந்த இடத்தையும் பேராசிரியர் புகழ்கிறார், ஆர்டர் கிடைக்கிறது. (பேராசிரியர் அதற்குள் கார் ஏறிவிட்டார்.)

முடிவு இரண்டு: ஈரச் சுவரில் வரைந்ததாக ஒப்புக்கொள்கிறாள். தாளாளர், முகூர்த்தம் குறித்தது தாமே என்பதை நினைத்து—

(அவர் அப்படி நினைக்கிற ஆளில்லை.)

முடிவு மூன்று: திங்கட்கிழமை. அலுவலக வாசல் பெஞ்சு. அவள் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளேயிருந்து

இதற்குமேல் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு வேலை வாங்கிக் கொடுக்கவோ பறிக்கவோ எனக்கு வாயில்லை. எல்லோரும் சாப்பிடப் போனபோது, உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஓர் உப்பலை விரலால் அமுக்கிப் பார்த்தது நான்.