நாலு விரல் மடிப்பு

தையல்காரருக்கு எந்தத் துணியைக் கொடுத்தாலும் வெட்டத் தெரியும். வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணோடு பேசத்தான் தெரியாது. கட்டியவளோடு கூடவே வந்த மகள் அவள். ஊரே அவளை வாயாடி என்று கூப்பிடும். இவரிடம் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு. கல்யாணமாகி ரெண்டு வருஷமாகியும் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை, வெறும் "இங்க பாருங்க" தான். போகட்டும், அதையாவது சொல்கிறாளே என்று மனுஷன் தேற்றிக்கொள்வார். ஆனாலும் ஒரே ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று ஏங்காத நாளில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு ஆங்கில வார்த்தையை எடுத்து, அதன் பொருளையும் பிறப்பையும் மேடையில் சொல்ல வேண்டுமாம். வாயாடிக்கு வந்தது அவள் வயசுப் பிள்ளைகளைக் குறிக்கும் 'அடலசன்ட்'. அன்றைக்குப் போட்டுக்கொள்ள இவர் ஆசை ஆசையாக ஒரு நீலக் கவுன் தைத்தார். வளர்கிற பிள்ளையாச்சே என்று, கைப்பழக்கத்தில், கீழே நாலு விரல் அகலம் உள்மடிப்பு விட்டுவிட்டார். வந்தது வினை. ஓரம் தடித்துத் தொங்குகிறதாம். நான் என்ன குழந்தையா, வருஷா வருஷம் பிரித்துவிட, என்று கவுனைக் கட்டிலில் வீசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மாக்காரி சண்டைக்குக் கிளம்பினாள். இவர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். மடிப்பை வெட்டித் தொலைக்கலாம் என்று கத்திரியை எடுத்தார், மனசு வரவில்லை. அடுத்த வருஷம் என்ன பண்ணுவாள்? அப்படியே இஸ்திரி போட்டு வைத்துவிட்டார்.

பேச்சு நாளில் பொண்டாட்டியோடு பின்வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மேடைக்கு வந்தவள் அதே கவுனில் வந்தாள். இவருக்குத் திக்கென்றது.

அந்த வார்த்தை லத்தீனிலிருந்து வந்தது, வளர்ந்துகொண்டிருப்பவர் என்று அர்த்தம், வளர்ந்து முடித்தவரைச் சொல்லும் 'அடல்ட்' அதற்குக் கூடப்பிறந்த வார்த்தை என்றாள். வேரைத் தோண்டிக்கொண்டே போனால் ஊட்டி வளர்ப்பது என்ற பொருள் வருகிறதாம். அதுவரை கடகடவென்று ஒப்பித்தவள் சட்டென்று நின்றாள். ஐயோ, மறந்துவிட்டாள் என்று இவருக்கு உயிரே போய்விட்டது.

அவள் குனிந்து கவுனின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இதுல நாலு விரல் துணி உள்ள மடிச்சிருக்கு. நான் வளருவேன்னு விட்டது. இதுக்காக நான் சண்டை போட்டேன். நேத்து இந்த அர்த்தத்தப் படிச்சப்பதான் உறைச்சுது." நிமிர்ந்து பின்வரிசையைப் பார்த்தாள். "தச்சது எங்கப்பா."

கைதட்டலுக்கு நடுவே, பக்கத்து நாற்காலிக்காரர் அது யாரோட பொண்ணு என்று கேட்டார்.

"என் பொண்ணுங்க" என்றார் தையல்காரர். கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டார் போல. மேடையில் நின்றவளுக்கே கேட்டுவிட்டது.