இரண்டு பீப்பாய் இளஞ்சூடு

1

இந்தக் கதை வெந்நீர் ஆசையில் பிறந்தது. யாருடைய ஆசை என்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

முதல் தொடக்கம்: ‘பொலிவிய மேட்டுநிலத்தில், நாலாயிரம் மீட்டர் உயரத்தில், தக்காளி பழுப்பதென்பது...’ வேண்டாம். வேளாண்துறைத் துண்டறிக்கை மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: நிக்கோலாசாவின் நாற்பது தக்காளிச் செடிகளும் வியாழக்கிழமை காலை வெந்த கீரையாகத் தொங்கிக் கிடந்தன. இதுவே இருக்கட்டும்.

2

செடிகளுக்கென்று அவள் கட்டிய பசுமைக்குடில்: மண்கல் சுவர், பிளாஸ்டிக் கூரை, உள்ளே கறுப்புப் பூசிய சின்னப் பீப்பாய்கள் மூன்று. பகல் வெயிலைப் பீப்பாய்த் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்லத் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சூடு வெளியே ஓடிவிடாமல், சாயங்காலம் கூரைமேல் வைக்கோல் பாயை விரிக்க வேண்டும். அது அவள் தம்பி செவெரோவின் வேலை.

(ஜூன் மாதம் இங்கே பனிக்காலம்; ஊரே உறைபனிக்குத் தவம் கிடக்கும். உருளைக்கிழங்கைப் பனியில் உறையவிட்டு, மிதித்துக் காயவைக்கும் பருவம். பனிக்குப் பயந்த ஒரே வீடு நிக்கோலாசாவுடையது.)

நிலம் ஊர்ப்பொது. ஒரு போகம் தக்காளி காய்த்துக் காட்டினால் அவளுக்கு, இல்லாவிட்டால் திரும்ப ஊருக்கு என்று பேச்சு. அதை முடிவுசெய்ய ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம்.

3

பக்கத்து வீட்டு எர்மினியா எட்டிப் பார்த்தாள். “எங்க கிழங்குக்கு நல்ல பனி, உன் தக்காளிக்குக் கெட்ட பனி. நான் என்னடி பண்ண?”

நிக்கோலாசா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். “பாயை விரிச்சியாடா?”

“விரிச்சேங்க்கா. சத்தியமா!”

“விரிச்சா தண்ணி ஏன்டா ஐஸா கெடக்கு?”

அன்றிலிருந்து அக்கா வீட்டில் அவனுக்குச் சூப் இல்லை.

4

கதைக்கு ஒரு காரணம் வேண்டுமே. எழுதினேன்: புதன் சாயங்காலம் செவெரோ பீப்பாயில் கைவிட்டுப் பார்த்தான். கதகதப்பாக இருந்தது. இரண்டு பீப்பாயை மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்தான். யாருக்கும் தெரியாமலிருக்க, சில்லென்ற வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பி வைத்தான்.

நன்றாக வந்திருப்பதாகவே நினைத்தேன். நிக்கோலாசாவுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“செவெரோவா? ஜூன் மாசமா? பனிக்காலத்துல அவன் மூஞ்சி கழுவினாலே ஊர் கூடிப் பாக்கும், கொம்பாத்ரே!” (அவள் மகனுக்கு நான் ஞானத்தந்தை, அந்த முறையில் கூப்பிடுவாள்.) “இந்தக் குளிர்ல இங்க எவன் குளிப்பான்? புதன், சனின்னா தலைக்கு எண்ணெய வச்சுக்கிட்டு...”

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. அவள் கண் என் தலைமேல் வந்து நின்றது.

5

பதினொரு வருடமாக இந்த ஊர்ச் சோற்றைத் தின்கிறேன். எண்ணெய்க் குளியலை மட்டும் விட முடியவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

முடிவு அ: அவள் என்னைத் திட்டித் தீர்க்கிறாள். நடக்கவில்லை. நடந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

முடிவு ஆ: ஊர் மனமிரங்கி, நிலத்தை அவளிடமே... இதை எழுதுவது எனக்கு வசதி. அதனால் அடித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். தாள்களை அடுக்கி என் கையில் வைத்தாள். “நாளைக்குக் கூட்டத்துல இதப் படிங்க. அவனையும் வரச் சொல்லிருக்கேன்.”

நாலாம் பகுதியில் ஒரே ஒரு பெயரை அடித்து எழுத வேண்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது செவெரோ வாசலில் வந்து நிற்கிறான்.

“அக்கா எதுக்குக் கூட்டத்துக்கு வரச் சொல்லுது? உங்களுக்காவது தெரியுமா?”

அவனுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.