ஓட்டோவில் போன நேர்த்தி

மனிதனுக்குப் பாண் கொடுப்பது கடவுள் அல்ல, பாயிஸ் நானாவின் பேக்கரி. யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் பொருளியல் படித்து நான் அடைந்த முடிவு இது. அம்மாவிடம் இரண்டு தடவை விளக்கினேன். இரண்டு தடவையும் "போய்ச் சீனி வாங்கிக்கொண்டு வா" என்றார். ஆய்வாளர்களுக்கு இது நடப்பதுதான்.

பேசாலையில் நேர்த்தி வைப்பவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்குப் பாண் கொடுப்பார்கள். பூசை முடிய பாதர் மந்திரிப்பார். துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். தன் துண்டு கிடைத்தவுடன் யாரும் போய்விடுவதில்லை, வராத ஆளுக்கும் ஒன்று கேட்பார்கள். பெற்றிசியா அன்ரி கனடாவிலுள்ள மகனுக்கு வாராவாரம் ஒரு துண்டு வாங்குகிறார். அது எந்தப் பிளேனில் போகிறதென்று ஒருமுறை கேட்டேன். "நீ உன்ர துண்டத் தின்" என்றார்.

அக்கா நிறஞ்சலாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது உண்டானபோது அம்மா ஐம்பது றாத்தல் பாண் நேர்ந்தார், பிள்ளை பிறக்கமுதல் கொடுத்து முடிப்பதாக. நாள் கிடக்கிறது என்று நினைத்துத்தான் இந்தச் செவ்வாயைக் குறித்தோம். மத்தியானமே அக்காவுக்கு நோ கண்டுவிட்டது. அத்தான் கட்டாரில். அம்மா அவளோடு மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓட, பாண் என் தலையில் விழுந்தது.

"அனோஜன், பாண் குடுத்தாச்சோ?" பூசை தொடங்கமுதலே அம்மா போன் எடுத்தார்.

"இன்னும் இல்லயம்மா."

"கெதியாக் குடுக்கச் சொல்லு. இவளுக்கு நோ கூடுது."

பூசையைக் கெதியாக்க எனக்கு அதிகாரம் இல்லை. குழந்தையை மெதுவாக வரச்சொல்ல டொக்டருக்கும் இல்லை.

சனம் நற்கருணைக்கு எழும்பியபோதும் பாண் வந்து சேரவில்லை. பேக்கரிக்கு எடுத்தேன். "அப்பவே ஜுனைட்டிட்ட ஓட்டோவில அனுப்பிட்டன் தம்பி" என்றார் பாயிஸ் நானா. ஜுனைட் வேலைக்கு வந்து இரண்டாம் நாள். அந்த நேரம் பார்த்துக் கடற்கரைப் பக்கமாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டு மகிழ்ச்சியாகக் கேட்டது.

மோட்டார் சைக்கிளில் பாட்டைத் துரத்தினேன். சந்தியில் கழுதைகள் மறித்தன. அவற்றுக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. கடைசி ஒழுங்கையில் பிடித்துப் பெட்டியைத் திறந்தேன். மிச்சம் ஐந்து றாத்தல் பாணும் மீன் வைத்த இரண்டு மாலுபணிசும். இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்வதென்றால் இன்னும் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.

"கோயிலுக்குக் கொண்டுபோற பாணை ஏன்டா வித்தனி?"

"பாட்டுப் போடாமல் ஓடக்கூடாதெண்டு முதலாளி சொன்னவர் அண்ண. பாட்டுப் போட்டா ஆக்கள் வருகினம். வந்து கேக்கிற ஆக்களுக்கு இல்லையெண்டு சொல்லலாமோ?" கொஞ்சம் யோசித்து, "இண்டைக்கு நல்ல வியாபாரம்" என்றான்.

போன் அடித்தது. "பாண்?"

"குடுபடுதம்மா." அது பொய்யும் அல்ல.

ஜுனைட்டிடமிருந்து ஓட்டோ மைக்கைப் பறித்தேன். "இப்ப வாங்கின பாண் எங்கட அம்மா றோசம்மாவின்ர நேத்திப் பாண். நிறஞ்சலா ஆஸ்பத்திரியில. தயவுசெய்து திருப்பித் தாங்கோ. காசு தருவம்."

ஒழுங்கையில் படலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதலில் வந்த கிறகரி மாமாவின் கையில் முக்கால் றாத்தல். "மற்றக் கால் எனக்குள்ள இருக்கு. கோயிலுக்கு நானும் வாறன், கணக்குச் சரி." ஒரு வீட்டிலிருந்து சம்பல் பூசிய துண்டுகள் வந்தன. காசை ஒருவரும் வாங்கவில்லை. எனக்குக் கணக்குப் படிப்பித்த ஸுஹறா ரீச்சர் பாணே வாங்காதவர். சுடச்சுட றொட்டி கொண்டுவந்தார். "இதில நேத்தி இல்ல. பிள்ளைக்குத் துஆ கேட்டிருக்கன். பிடி."

ஓட்டோ திரும்பியது. ஜுனைட் பழக்கத்தில் மறுபடி பாட்டைப் போட்டான். நிறுத்தச் சொல்ல நேரமில்லை. பின்னால் ஊர் ஓடி வந்தது, சைக்கிளிலும், காலிலும், பாணைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டும்.

வெறும் மேசைக்குப் பக்கத்தில் நின்ற பாதர், மேசை நிறைந்து, பக்கத்து வாங்குப்பலகையும் நிறைந்து, ஓட்டோவில் இன்னும் மிச்சம் கிடப்பதைப் பார்த்தார்.

"அனோஜன், ஐம்பது எண்டுதானே சொன்னனீ?"

"எண்ணாதேங்கோ பாதர், கெதியா மந்திரியுங்கோ."

மந்திரித்தார். விற்ற பாணை வாங்கியவர்களே திரும்ப வாங்கித் தின்றார்கள், முதல்தடவை காண்பதைப்போல. இதைப் பொருளியலில் எந்தப் பாடத்தில் சேர்ப்பதென்று யோசித்தபடி என் துண்டை மென்றுகொண்டிருக்கும்போது போன் வந்தது.

"குடுத்தாச்சம்மா. எல்லாருக்கும் குடுத்தாச்சு."

"அவள உள்ளுக்குக் கொண்டுபோயிட்டினமடா." அம்மா போனை வைத்துவிட்டார்.

நான் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். கொடுத்துக்கொண்டிருந்தவர் பெற்றிசியா அன்ரி.

"நீ வாங்கினனீதானே?"

"அக்காவுக்கு."

ஒன்று வைத்தார். நான் கையை எடுக்கவில்லை. அன்ரி என் முகத்தைப் பார்த்தார். பிளேனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கூடையைக் கிளறி, கரை இல்லாத, மெத்தென்ற நடுத்துண்டு ஒன்றைத் தேடியெடுத்து மற்றதன் மேல் வைத்தார்.

மன்னார் றோட்டில் காற்று எதிராக அடித்தது. ஒரு கையால் ஓட்டினேன். மற்றக் கை சட்டைப் பையைப் பொத்தியபடி இருந்தது.