பெர்சியஸின் கண் திறப்பு

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குப் பெர்சியஸுக்குக் கண் திறப்பதாக முடிவாயிற்று. கண்ணாடி பிடிக்க என் பெயர் வந்திருந்தது.

பெர்சியஸ் கிரேக்க வீரன். அருங்காட்சியகத்தின் கடைசிக் கூடத்தில் வெள்ளைக் கல்லில் நிற்கிறான். இடது கையில் அவன் வெட்டிய மெடூசாவின் தலை. அவள் கண்ணைப் பார்ப்பவர்கள் கல்லாகிவிடுவார்கள். அதனால் சிற்பி அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பி, இருவர் கண்களையும் வெறுமையாக விட்டுவிட்டான். தூக்கிக்கொண்டிருக்கும் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பெர்சியஸ் மனுக் கொடுத்திருந்தான்.

கூடத்துக்குப் போகும் நடைவழி நடக்க நடக்க நீண்டது. இரு சுவரிலும் அவனேதான். ஒரு பானையில் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தான். ஒரு நாணயத்தில் பாதி தேய்ந்திருந்தான். ஓர் எண்ணெய் ஓவியத்தில் அவனுக்குத் தொப்பை விழுந்திருந்தது. எல்லாவற்றிலும் கையில் தலை இருந்தது. பார்வை வேறெங்கோ இருந்தது. பானையில் இருந்தவன், முகம் எப்படி இருந்தது என்று வந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டான். ஓட்டத்தை நிறுத்தவில்லை.

கூடத்து வாசலில் எழுத்தர் செங்கமலம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். படிவத்தில் கண்களின் எண்ணிக்கை நான்கு என்று எழுதினேன். அவர் அதை அடித்து முப்பத்தெட்டு என்று எழுதினார். மெடூசாவின் தலையில் பதினேழு பாம்புகள் இருந்தன.

"ஒரே கல்லு சார். ஒருத்தருக்குத் திறந்துட்டு ஒருத்தருக்கு விட முடியாது."

"பார்த்துட்டா எனக்கு என்ன ஆகும்?"

"அதுக்கு வேற படிவம்."

அந்தப் படிவம் தீர்ந்துபோயிருந்தது.

நீலமேக ஸ்தபதி தங்க ஊசியோடு ஏணியில் நின்றார். எங்கள் பக்கத்து முறைப்படி, கண் திறந்த சிலைக்கு முதலில் கண்ணாடி காட்ட வேண்டும். பிறகு பசுவும் கன்றும். பசுவும் கன்றும் லிஃப்டில் வந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வந்துகொண்டிருந்தன.

மெடூசாவைக் கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று பெர்சியஸிடம் சொன்னேன்.

"அன்னைக்கு வெட்டும்போது கேடயத்துல பாத்தேன் சார். கழுத்து மட்டுந்தான் தெரிஞ்சுது. நேர்ல பாக்கணும்."

"நேர்ல பார்த்தா கல்லாயிடுவே."

"இப்ப என்னவா இருக்கேன்?"

ஜன்னலில் வெயில் ஒரு கட்டம் நகர்ந்தது. அவன் சொல்வது சரிதான் என்று ஸ்தபதி ஒப்புக்கொண்டார். ஆபத்து எனக்கு மட்டும்தான் என்றும் சொன்னார். கண்ணாடி என் முகத்தை மறைக்கும் அளவுதான் இருந்தது. அதை இறக்கக் கூடாது. அவர் கண்ணை மூடிக்கொண்டே வேலை செய்வார். கை பழகிவிட்டதாம்.

ஊசி உரசும் சத்தம் கேட்டது. முப்பத்தெட்டு முறை எண்ணினேன். எனக்குக் கண்ணாடியின் பின்புறத்தில் ரசம் பூசிய பழுப்பு மட்டும் தெரிந்தது. பெர்சியஸ் தன்னைப் பார்த்துக்கொண்டான். பிறகு அவன் கழுத்து அம்மிபோல் அரைபட்டுத் திரும்பியது.

கையிலிருந்த முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"இவ்வளவு சின்னப் பொண்ணுன்னு யாருமே சொல்லலை."

அடுத்து மெடூசாவின் முறை. கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினேன். பாம்புகள் முறை வைத்து வந்து தங்களைப் பார்த்துப் போயின. கடைசியில்தான் அவள் பார்த்தாள்.

"அண்ணா."

அது புதுக் குரல். வெட்கப்பட்டது.

"சொல்லும்மா."

"நான் பாக்க எப்படி இருக்கேன்? எனக்குத் தெரியலை. கேக்குறதுக்குள்ள எல்லாரும் கல்லாயிடறாங்க."

இறக்காதீர்கள் என்று ஏணியிலிருந்து ஸ்தபதி சொன்னார். அவள் மறுபடி கேட்கவில்லை. காத்திருந்தாள். அவள் எப்படி இருப்பாள் என்றுதான் நானும் இத்தனை நேரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியை இறக்கினேன்.

அவளுடைய இடது கன்னத்தில் இரண்டு பருக்கள் இருந்தன. ஒன்றைக் கிள்ளிவிட்டிருந்தாள்.

"ரொம்ப" என்று ஆரம்பித்தேன். உதடு கனத்தது.

அவள் மிச்சத்தைக் கேட்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.