பெண்கள் பாடுவார்கள்

"சத்தம் போட்டு அழக் கூடாது. அழுதா போன உயிருக்குத்தான் வேதனை, சொல்லிட்டேன்," என்றார் இமாம் எர்மெக், கூடாரத்து வாசலில் நின்றபடி.

கறுப்புத் துணியைத் தலையில் இறுக்கிக்கொண்டிருந்த புருல் முடிச்சை விடாமலே திரும்பினாள். "அழுவேன் அண்ணே. பாடித்தான் அழுவேன்."

முற்றத்தில் எழுப்பியிருந்த கம்பளிக் கூடாரத்துக்குள், திரைக்குப் பின்னால் அவளுடைய அப்பா அசன்குல் கிடந்தார். கிர்கிஸ்தானின் நரின் நகரக் கல்லூரியில் முப்பது வருஷம் தத்துவப் பாடம் நடத்தியவர். நேற்று விடிகாலையில் மூச்சு நின்றது. மதியத் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அதற்குள் ஒப்பாரி பாடியாக வேண்டும். மகள் பாடாத சாவும் ஒரு சாவா?

"பாடாட்டி உயிரு வழி தெரியாம வாசல்லயே நிக்கும்டி," என்று குமுஷ் அத்தை அவள் காதைக் கடித்தாள். "அவரு சொல்றத சொல்லிட்டுப் போகட்டும். நீ பாடு."

புருலுக்கு இமாம் சொன்னதிலும் நம்பிக்கையில்லை, அத்தை சொன்னதிலும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் புத்தகம்தான். செத்த பிறகு உயிர் எங்கே போகிறது, எந்த நாட்டுக்காரன் என்ன சொன்னான் என்று அவர் சொல்லச் சொல்ல, ஆறு வருஷம் தட்டச்சு செய்தவள் அவள். அந்தப் பக்கங்களை வாங்கிப் படித்துவிட்டு இதே எர்மெக் வீடேறி வந்து கத்திய கத்தல் கொஞ்சநஞ்சமில்லை. கிர்கிஸ்காரர்களுக்கான பக்கத்தில் மட்டும் அப்பா இரண்டே வரி சொன்னார்: 'எங்கள் ஆட்கள் இதை எழுதிவைப்பதில்லை. பெண்கள் பாடுவார்கள்.' அப்படிச் சொன்ன மனுஷனைப் பாட்டில்லாமல் அனுப்பினால் அந்தப் பக்கமே பொய்யாகிவிடும். அதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

"அண்ணே, நீங்க தொழுகைக்கு ஆளச் சேருங்க. என் வேலைய நான் பாத்துக்கறேன்."

"பிடிவாதத்துல அப்படியே வாத்தியார்தான்," என்று முணுமுணுத்துக்கொண்டே எர்மெக் வெளியேறினார்.

புருல் கூடாரத்தின் கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒப்பாரி பாடும் வழக்கப்படி இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். முதல் அடிக்கு எதைப் பாடுவது? ஒப்பாரி என்றால் செத்தவரின் குதிரையையும் மந்தையையும் புகழ வேண்டும். அப்பாவுக்கு ஏது குதிரை, ஏது மந்தை? அலமாரி கொள்ளாத புத்தகம்தான். சரி, இருப்பதைத்தானே பாட முடியும்?

"இந்தியாக்காரன் சொன்னான், திரும்பிப் பொறப்பீங்கன்னு, என் அப்பா,
எந்த வீட்டுத் தொட்டில்ல நான் தேட?
கிரேக்கத்துக்காரன் சொன்னான், கூண்டவிட்டுப் பறந்தீங்கன்னு, என் அப்பா,
எந்த மரத்தடியில நான் நிக்க?
எர்மெக் அண்ணன் சொன்னாரு, மண்ணுக்குள்ள காத்திருப்பீங்கன்னு, என் அப்பா,
எத்தன நாளுன்னு சொல்லலியே!"

குமுஷ் அத்தை வாயைப் பிளந்தாள். இப்படியொரு ஒப்பாரியை அவள் ஆயுசுக்கும் கேட்டதில்லை. ஆனாலும் அடுத்த அழுகைக்கு அவளும் சேர்ந்துகொண்டாள், மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். புருல் கதறினாள். மூச்சு வாங்க நிறுத்தியபோது, வெளியே ஆண்களின் பேச்சு அடங்கியிருந்தது.

கம்பளிச் சுவருக்கு அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"புத்தரை விட்டுட்டியேம்மா." இமாமின் குரல் கரகரத்தது. "ஏழாவது அத்தியாயம். உயிருன்னு ஒண்ணே இல்லேன்னவரு. வாத்தியாருக்குக் கோவம் வரும்."

புருல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கைகளை மறுபடி இடுப்பில் ஊன்றி, அடுத்த அடியை எடுத்தாள்.